கறுப்பு கவரும் கண்ணாடிப் பொட்டலமும்

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தங்கைக்கு ஆறாம் மாதம். முதல் பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மாட்டுக்கறி எடுத்து வந்தேன். அம்மா அதை மஞ்சள் போட்டு அலசி, குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, பிறகு சட்டியில் மாற்றி எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்தார். தங்கை தொடவில்லை.

"டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாங்கண்ணா. பீஃப் கடைங்கள்ல எல்லாம் ஹைஜீனிக்கா இருக்காதாம்."

சரி என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் பசிக்கிறது என்று ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டவுனில் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்திருந்த சிக்கன் சலாமி பொட்டலம் இருந்தது. பிரித்து நான்கு நாளாகியிருந்தது. அதிலிருந்து இரண்டு துண்டை எடுத்து ரொட்டிக்கு நடுவே வைத்து அப்படியே சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "இது கம்பெனி ஐட்டம்ணா, பேக் பண்ணது" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்: "நெருப்புல வெந்தது ஆவாது, ஐஸ்ல கெடந்தது ஆவுமா?"

என் அம்மா எட்டாவதுவரை படித்தவர். இருபது ஆண்டுகள் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். நுண்ணுயிரியல் அவருக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அறிவியல்படி சரியாகப் பேசியது அவர் ஒருவர்தான். ஒரு கர்ப்பிணியின் முன்னால் நன்றாக வெந்த மாட்டுக்கறிக் குழம்பும், திறந்து நான்கு நாளான குளிர்ந்த சலாமியும் இருந்தால், ஆபத்து எதில் அதிகம் என்பதற்குப் பதில் சந்தேகமில்லாமல் சலாமிதான். அரைவேக்காட்டுக் கறியைத் தவிர்க்கச் சொல்வது நியாயமான மருத்துவ அறிவுரை. ஆனால் என் தங்கையின் காதில் விழுந்தது அது அல்ல. "மாட்டுக்கறிக் கடை அசுத்தம், பொட்டலம் சுத்தம்" என்பதுதான் விழுந்தது. அவளுக்கு அப்படி ஏன் கேட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

குளிரில் வளரும் கிருமி

சலாமி, சாசேஜ், ஹாம் போன்றவை தொழிற்சாலையிலேயே வேகவைக்கப்பட்டு வருபவை. வேகும்போது அதிலுள்ள கிருமிகள் சாகின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெந்த இறைச்சியைக் குளிரவைக்க வேண்டும், இயந்திரத்தில் மெல்லிய துண்டுகளாக வெட்ட வேண்டும், பொட்டலம் கட்ட வேண்டும். அந்த இயந்திரத்தின் பற்களுக்கு இடையிலோ, தரையின் வடிகாலிலோ, கூரையிலிருந்து சொட்டும் நீரிலோ லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா குடியிருந்தால், அது வெந்த இறைச்சியின்மேல் வந்து அமர்ந்துகொள்ளும். அதன்பின் அந்த உணவை யாரும் வேகவைக்கப் போவதில்லை.

இந்தக் கிருமிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உணவை நஞ்சாக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஃப்ரிட்ஜின் குளிரில் முடங்கிவிடும். லிஸ்டீரியா 4 டிகிரி செல்சியஸிலும் மெதுவாகப் பெருகும். காற்றை உறிஞ்சிவிட்டுக் கட்டிய பொட்டலத்துக்குள்ளும் பெருகும். பல வாரம் கெடாமல் இருக்கும் என்று பொட்டலம் தரும் உறுதிமொழிதான் கிருமிக்குக் கிடைக்கும் கால அவகாசம். நாற்றம் வராது, நிறம் மாறாது. உடல்நலமுள்ள ஒருவர் சாப்பிட்டால் இரண்டு நாள் காய்ச்சலோடு போகலாம். கர்ப்பிணி சாப்பிட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், இறந்து பிறத்தல், பிறந்த குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் என்று போகலாம். முதியவர்களுக்கும், எச்ஐவி தொற்றோ புற்றுநோயோ உள்ளவர்களுக்கும் உயிராபத்து. சாப்பிட்ட நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் நடுவே சிலநேரம் 70 நாள்வரை இடைவெளி இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் தின்ற சலாமித் துண்டை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

இதை முறியடிக்கும் வழி மிக எளியது. உள்ளே எல்லாப் பகுதியும் 75 டிகிரியைத் தொடும்படி, ஆவி பறக்கச் சூடாக்கினால் லிஸ்டீரியா செத்துவிடும். அம்மா சொன்ன நெருப்பு அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது

உலக வரலாற்றில் பதிவான மிகப்பெரிய லிஸ்டீரியா பரவல் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 2017 ஜனவரி முதல் 2018 ஜூலைவரை 1,060 பேருக்கு நோய் உறுதியானது. 216 பேர் இறந்தார்கள். இந்தப் பரவலில் 937 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வின்படி, அவர்களில் 465 பேர், அதாவது பாதிப்பேர், கர்ப்பத்தோடு தொடர்புடையவர்கள். அந்தப் பாதியிலும் பெரும்பாலானவை பிறந்து 28 நாளைத் தாண்டாத குழந்தைகள்.

காரணம் பொலோனி. எலும்பிலிருந்து இயந்திரத்தால் சுரண்டி எடுத்த கோழி இறைச்சி, கொழுப்பு, மாவு, சோயா, உப்பு எல்லாம் சேர்த்து அரைத்து வேகவைத்த இளஞ்சிவப்பு உருளை. கறுப்பின உழைக்கும் மக்கள் வாழும் டவுன்ஷிப்களில் மலிவாகக் கிடைக்கும் இறைச்சி அதுதான். கால்வாசி ரொட்டியைக் குடைந்து, உருளைக்கிழங்கு வறுவலையும் பொலோனியையும் ஊறுகாயையும் அடைத்துத் தரும் 'கோட்டா' அங்கே பள்ளிப் பிள்ளைகளின், கூலித் தொழிலாளர்களின் பகலுணவு. அந்த ஊறுகாய்க்கு அங்கே 'அச்சார்' என்று பெயர். 1860-இல் மதராஸிலிருந்து நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களையும் அவர்களுக்குப் பின்னால் போனவர்களையும் நினைவூட்டும் பெயர்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே பல மாதங்கள் போயின. லிஸ்டீரியா அன்று அங்கே அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இல்லை. 2017 டிசம்பரில்தான் சேர்த்தார்கள். 2017-இன் நடுவில் பச்சிளங்குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக நோயுறுவதைப் பொதுமருத்துவமனை மருத்துவர்கள் கவனித்துச் சொன்னதால்தான் விசாரணையே தொடங்கியது. 2018 ஜனவரியில் சொவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் பிள்ளைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்கு வந்தபோது துப்புக் கிடைத்தது. காப்பகத்தின் ஃப்ரிட்ஜில் பொலோனி இருந்தது. அதில் இருந்த கிருமியின் மரபணுவைத் தொடர்ந்து போனபோது பொலோக்வானே நகரில் இருந்த எண்டர்பிரைஸ் ஃபுட்ஸ் ஆலை வந்தது. டைகர் பிராண்ட்ஸ் என்ற பெருநிறுவனத்துக்குச் சொந்தமானது. 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் ஆரன் மொட்சொலேடி இதை அறிவித்தார். இறப்புகளுக்கும் தங்கள் பொருளுக்கும் நேரடித் தொடர்பு காட்டப்படவில்லை என்று நிறுவனத்தின் தலைமை அப்போது சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து கூட்டு வழக்குத் தொடுக்க 2018 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதித்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் வழக்கு இழுத்தது. காப்பகத்தில் இருந்த பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள்.

இதன் இன்னொரு பகுதியைப் பலர் இணைத்துப் பார்ப்பதில்லை. அதே 2018 ஆகஸ்டில் சொவெட்டோவில் கலவரம் வெடித்தது. சோமாலியர்களும் எத்தியோப்பியர்களும் பிற குடியேறிகளும் நடத்தும் சின்னப் பெட்டிக்கடைகளில் போலி உணவும் காலாவதிப் பொருளும் விற்கிறார்கள் என்ற வதந்தி பரவி, கடைகள் சூறையாடப்பட்டன. உயிர்களும் போயின. 216 பேரின் சாவோடு தொடர்புடைய பொலோனி, முத்திரை குத்திய, விளம்பரம் செய்த, நாடெங்கும் விற்ற ஒரு பெருநிறுவனத்தின் பொருள். அதன் ஆலையை யாரும் சூறையாடவில்லை. சூறையாட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. பயத்தின் கணக்கு யார் பெயரில் எழுதப்பட்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

எழும்பூரில் நடந்தது

சொவெட்டோவின் கதை நமக்குப் புதிதல்ல. 2018 நவம்பரில் ஜோத்பூர் பக்கமிருந்து வந்த ரயிலில், எழும்பூர் நிலையத்தில், சுமார் 2,000 கிலோ இறைச்சி பறிமுதல் செய்யப்பட்டது. வாலின் நீளத்தைப் பார்த்த யாரோ ஒருவருக்குச் சந்தேகம் வர, "நாய்க்கறி" என்று செய்தி பறந்தது. அன்று மாலைக்குள் வாட்ஸ்ஆப் முழுக்க ஒரே பேச்சு. எந்தக் கடையில் பிரியாணி தின்கிறோம் என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். எச்சரிக்கையில் பேசப்பட்டவை பெரும்பாலும் தெருவோரக் கடைகளும் முஸ்லிம்கள் நடத்தும் கடைகளும்தான். சில நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு முடிவு வந்தது: அது ஆட்டுக்கறி. முடிவு வந்த செய்தி, வதந்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை. இன்றும் அதை நாய்க்கறி என்றே நம்புகிற படித்த மனிதர்களை நான் பல்கலைக்கழக வளாகத்திலேயே சந்திக்கிறேன்.

அந்த நிகழ்வில் கேட்டிருக்க வேண்டிய உண்மையான கேள்வி ஒன்று இருந்தது. இரண்டாயிரம் கிலோ இறைச்சி நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ரயிலில் வரும்போது அதன் குளிர் எப்படிக் காக்கப்பட்டது? யார் சோதித்தார்கள்? அந்தக் கேள்வி யாருக்கும் சுவாரசியமாக இல்லை. எந்த விலங்கு, எந்தக் கடை, எந்த ஆள் என்பதே சுவாரசியமாக இருந்தது.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். மாநிலம் முழுக்கச் சோதனைகள் நடந்தன. நடந்திருக்கவே வேண்டும், அதில் மாற்றுக்கருத்தில்லை. ஒரு பிள்ளையின் உயிர் போயிருக்கிறது. ஆனால் நம் உணவுப் பாதுகாப்பு என்பது கேமராவோடு ஒரு ஷவர்மா கடைக்குள் நுழைந்து இறைச்சியைக் குப்பையில் கொட்டி பினாயில் ஊற்றுவதாகவே இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டின் ஃப்ரீசருக்கு முன்னால் வெப்பமானியோடு அதிகாரி நிற்கும் காட்சியை நீங்கள் தொலைக்காட்சியில் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்?

தீட்டும் தொற்றும்

சாதி ஒரு பண்டத்தைப் பார்த்தால் முதலில் கேட்கும் கேள்வி: இதை யார் தொட்டது? நுண்ணுயிரியல் கேட்கும் கேள்விகள் வேறு: என்ன வெப்பநிலையில் இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எந்தப் பரப்பின்மேல் பட்டது, தண்ணீர் எங்கிருந்து வந்தது? முதல் கேள்விக்கான பதில் பிறப்பில் இருக்கிறது, மாறாது. இரண்டாவது வகைக் கேள்விகளுக்கான பதில்கள் ஒவ்வொரு நாளும் மாறும், அளக்க முடியும், திருத்த முடியும். நம் சமூகத்தில் 'ஹைஜீன்' என்ற சொல் பெரும்பாலும் முதல் கேள்வியை இரண்டாவதின் உடுப்பில் கேட்பதற்குத்தான் பயன்படுகிறது.

அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலில் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சி உண்பதோடு இணைத்து விளக்கினார். உணவின் பெயரால் மனிதரை விலக்குவது அவ்வளவு பழையது. புதியது அதன் மொழி மட்டும்தான். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரின் அன்றாட உணவு ஆம்பூரின் அரசு விழாவில் அசூயைக்குரியதானது.

எங்கள் பகுதியில் மாட்டுக்கறியைக் கறுப்பு கவரில்தான் கட்டித் தருவார்கள். அப்பா அதை இன்னொரு மஞ்சள் பையில் போட்டு, மேலே கீரைக்கட்டு வைத்து எடுத்து வருவார். எதற்கு என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "வழியில நாலு பேர் பாப்பாங்க" என்பார். சூப்பர் மார்க்கெட் இறைச்சியோ கண்ணாடி போன்ற உறையில் வருகிறது. எல்லோரும் பார்க்கலாம். அதில் எலும்பு இல்லை, ரத்தம் இல்லை, தோல் இல்லை, எந்த விலங்கின் எந்த உறுப்பு என்ற அடையாளமே இல்லை. அறுத்தவரின் கையும் இல்லை. இறைச்சியிலிருந்து இறைச்சித் தொழிலாளியை நீக்கிவிட்டால் அது சுத்தமாகிவிடுகிறது. இதை வாங்குகிறவர் கிருமியில்லாத பண்டத்தை வாங்கவில்லை. தொட்டவர் தெரியாத பண்டத்தை வாங்குகிறார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை என் ஆய்வக நண்பர் ஒருவரே சொன்னார். அவரும் தலித்தான். "பொட்டலம் எனக்கு உதவியிருக்கு தோழர். நான் இருக்குற வாடகை வீட்டுல கறி ஆக்கக்கூடாதுன்னு கண்டிஷன். சாசேஜ் வாசம் வராது. ஹவுஸ் ஓனருக்குத் தெரியாம அதைத்தான் தின்னுட்டு இருக்கேன்." இதை நான் மறுக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் சாதி கேட்பதில்லை. கறி வாசனைக்குப் பயந்து வாழும் தலித், முஸ்லிம் வாடகைதாரருக்கும் விடுதி மாணவருக்கும் அந்த வாசமற்ற பொட்டலம் ஒரு சின்ன விடுதலைதான். ஆனால் அந்த விடுதலையையும் சேர்த்துப் பாருங்கள். வெந்த சோற்றையும் குழம்பையும் ஆக்கித் தின்ன இடம் மறுக்கப்பட்டதால் ஒருவர் குளிர்ந்த இறைச்சிக்குத் தள்ளப்படுகிறார். அடுப்பு மறுக்கப்பட்டவருக்குத்தான் லிஸ்டீரியாவின் ஆபத்து கூடுகிறது. வீட்டு உரிமையாளரின் சாதி, வாடகைதாரரின் தட்டில் உள்ள கிருமியைத் தீர்மானிக்கிறது.

இரவில் துடைப்பவர்கள்

ஆலை சுத்தமாக இருக்கிறதா என்பதை முடிவு செய்வது யார்? இரவில் இயந்திரங்களைக் கழற்றிக் கழுவும் தொழிலாளர்கள். அமெரிக்காவில் இறைச்சி ஆலைகளை இரவில் கழுவும் ஒப்பந்த நிறுவனம் ஒன்று, 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 102 பிள்ளைகளை எட்டு மாநிலங்களில் அந்த வேலையில் வைத்திருந்ததை அந்நாட்டுத் தொழிலாளர் துறை கண்டுபிடித்து, 2023 பிப்ரவரியில் 15 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. எலும்பு அறுக்கும் இயந்திரங்களை வேதிக்கரைசல் கொண்டு கழுவிய பிள்ளைகள் அவர்கள். உலகின் பணக்கார நாட்டிலும் சுத்தம் என்பது, குரலற்றவர்களை இரவில் வைத்துச் செய்யும் வேலையாகவே இருக்கிறது. மலக்குழிக்குள் மனிதரை இறக்கும் நாட்டிலிருந்து நாம் இதைப் படிக்கிறோம்.

அதே அமெரிக்காவில் 2024-இல் போர்ஸ் ஹெட் என்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் இறைச்சியால் 61 பேர் நோயுற்றார்கள், 10 பேர் இறந்தார்கள். வர்ஜீனியாவின் ஜாரட் ஊரில் இருந்த அந்த ஆலையில் பூஞ்சை, பூச்சிகள், கூரையிலிருந்து சொட்டும் நீர், இயந்திரங்களில் ஒட்டிய இறைச்சி எச்சம் என்று ஆய்வாளர்கள் ஓராண்டில் 69 முறை குறைகளை எழுதி வைத்திருந்தார்கள். எழுதினார்கள், ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. மக்கள் இறந்த பிறகுதான் மூடப்பட்டது. சட்டம், ஆய்வாளர், பதிவேடு எல்லாம் இருந்தும் இது நடந்தது. பதிவேட்டை மக்கள் பார்க்க முடியாதபோது, தொழிலாளி வேலையை நிறுத்திவிட்டு "இது சரியில்லை" என்று சொல்ல முடியாதபோது, ஆய்வு என்பது காகிதமாகத்தான் இருக்கும்.

அப்டன் சிங்க்ளேர் 1906-இல் 'த ஜங்கிள்' நாவலைச் சிக்காகோ இறைச்சி ஆலைத் தொழிலாளிகளின் வாழ்க்கையைக் காட்டத்தான் எழுதினார். படித்த நடுத்தர வர்க்கம் தன் தட்டில் என்ன விழுகிறது என்று பதறியது. அதே ஆண்டு இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. தொழிலாளிக்கு எதுவும் வரவில்லை. உண்பவரின் வயிற்றுக்காக மட்டும் பேசும் உணவுப் பாதுகாப்பு அப்படித்தான் முடியும். நாமும் அந்தத் தவறைச் செய்யக் கூடாது.

நாம் என்ன கேட்க வேண்டும்

தெருக்கடை எல்லாம் தூய்மை, பொட்டலம் எல்லாம் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. நான் கறி வாங்கும் கடைக்குத் தண்ணீர் குழாய் கிடையாது. வடிகால் கிடையாது. ஈ மொய்க்கிறது. அதை அழகுபடுத்திப் பேசுவது நம் மக்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்தக் கடைக்குத் தண்ணீரும் வடிகாலும் ஏன் இல்லை? மாட்டுக்கறிக் கடை ஊருக்கு வெளியே, சாக்கடைக்குப் பக்கத்தில், எப்போது வேண்டுமானாலும் அகற்றக்கூடிய இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? முதலில் வசதியை மறுத்துவிட்டு, பிறகு அசுத்தம் என்று பெயர் சூட்டுவது சேரிக்குச் செய்ததுதான். அதையே கறிக்கடைக்கும் செய்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் இரு பக்கமும் நீள வேண்டும்.

முதலாவது, மொழி. நடப்பிலுள்ள உணவு முத்திரை விதிகளின்படி பொட்டலத்தின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும். வேறு மொழி விருப்பம் மட்டுமே. என் தங்கை வாங்கிய பொட்டலத்தில் பிரித்த பின் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பது எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அப்படியே உண்ணத்தக்கதா, சமைத்து உண்ண வேண்டியதா, எந்தக் குளிரில் வைக்க வேண்டும், கர்ப்பிணிகள் சூடாக்காமல் உண்ணக் கூடாது என்பவை தமிழகத்தில் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்திலும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்க வேண்டும். இந்தித் திணிப்பைப் பேசும் நாம் இதையும் பேச வேண்டும். இது உயிர்ப் பிரச்சினை.

இரண்டாவது, கணக்கு. தென்னாப்பிரிக்கா கற்றுக்கொடுத்தது இதுதான்: எண்ணப்படாத நோய் அரசின் கண்ணில் நோயே அல்ல. நம் அரசு மருத்துவமனைகளில் குறைப்பிரசவமும் பச்சிளங்குழந்தை மரணமும் நிகழும்போது தாயின் "ரத்தசோகை", "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டுப் போகாமல் லிஸ்டீரியாவையும் தேட வேண்டும். கண்டால் அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளிப்படைத்தன்மை. ஆலைகளிலும் சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டிகளிலும் நடக்கும் ஆய்வின் முடிவுகள் பொதுவில் இருக்க வேண்டும். ஒரு பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, பினாயில் ஊற்றும் காணொளிக்குக் கிடைக்கும் அதே வெளிச்சத்தோடு வர வேண்டும்.

நான்காவது, தொழிலாளர். இறைச்சி ஆலையில் கழுவும் வேலை நிரந்தர வேலையாக, பாதுகாப்புக் கருவிகளோடு, சங்கம் வைக்கும் உரிமையோடு இருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அதைக் கழுவுகிறவருக்கு இருந்தால் அதைவிடச் சிறந்த ஆய்வாளர் யாருமில்லை.

ஐந்தாவது, உள்ளாட்சி. ஆட்டுக்கறி, கோழிக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி என்ற பேதமில்லாமல் குழாய்த் தண்ணீரும் வடிகாலும் குளிர்பெட்டியும் உள்ள கறிக்கடை வளாகங்களை உள்ளாட்சிகள் கட்டித் தர வேண்டும். சுத்தம் வேண்டுமென்றால் அதற்குச் செலவு செய்ய வேண்டும். பினாயில் செலவு போதாது.

கூடவே, வாங்குகிறவர்களுக்குச் சில சொற்கள். உறைநிலையில் விற்கும் நக்கெட்ஸ் போன்றவை மேலே வறுத்த நிறத்தில் இருந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கலாம். நன்றாகச் சமைத்தே உண்ணுங்கள். பொட்டலத்துக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால் அது உருகி மீண்டும் உறைந்திருக்கக்கூடும், உப்பியிருந்தாலும் வாங்காதீர்கள். பிரித்த சலாமி, சாசேஜை மூன்று நாளைத் தாண்டி வைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஆவி பறக்கச் சூடாக்காமல் தொடவேண்டாம். இன்னொன்று: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு, உண்ணாதவரைவிட 18 விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிட்டது. என்றைக்கோ ஒருநாள் தின்பதற்குப் பதற வேண்டியதில்லை. ஆனால் கறிக்குப் பதிலாக அதையே அன்றாட உணவாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். ஆராய்ச்சி மாணவர்களின் கெட்ட பழக்கம். அவள் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப டாக்டர் ஏண்ணா சலாமியைப் பத்தி ஒண்ணுமே சொல்லல?"

அந்த மருத்துவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மாட்டுக்கறிக் கடை என்றதும் அவர் மனதில் ஒரு படம் வந்திருக்கிறது, பொட்டலம் என்றதும் எந்தப் படமும் வரவில்லை. அந்தப் படம் மருத்துவக் கல்லூரியில் கற்றதல்ல. அடுத்த மாதப் பரிசோதனைக்குப் போகும்போது இதை அவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பதாகச் சொன்னாள். அன்று ராத்திரி மிச்சமிருந்த கறிக்குழம்பை அம்மா மறுபடி கொதிக்கவைத்தார். தங்கை ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள்.